பெட்டி சொன்ன பெயர்

மணி அடித்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சத்தங்களுக்குப் பஞ்சமில்லை. மூச்சு இயந்திரம் இரைக்கும். மருந்துப் பம்பு கீச்சிடும். ஏதாவது ஒரு மூலையில் ஏதாவது ஒன்று அலறிக்கொண்டே இருக்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்த மணி மட்டும் வேறு. கோயில் மணியை விரல் நுனியால் தொட்டதுபோல ஒரே ஒரு நாதம். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். பக்கத்துக் கட்டில்காரரின் மைத்துனர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

ஏழாம் கட்டிலின் தலைமாட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அதற்குக் கீழே எழுத்துகள் ஊர்ந்து வந்தன.

அடையாளம் கண்டுகொண்டார்: கௌசிகா. மகள்.

கௌசிகாவின் ஒரு கை அப்பாவின் பிடரிக்கு அடியில் இருந்தது. இன்னொரு கையில் தண்ணீரில் நனைத்த பஞ்சு. அதிலிருந்து ஒரு சொட்டு அவர் மோவாயில் விழுந்து வழிந்தது.

"அம்மா... அப்பாவுக்கு என்னையத் தெரியுதும்மா!"

கால்மாட்டில் புருஷனின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்ற பாவாயி தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியாம என்ன? பெத்தவருதான? அழுவாத கண்ணு. மூக்கைச் சிந்திட்டு, இன்னிக்காச்சும் ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போ."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் டாக்டர் பிரதிபா நின்றிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய காட்சி. ஒன்பது வருஷப் பகை உதட்டில் வைத்த ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்துபோகிறது. ஆனால் அந்த மணி யாருக்கு அடித்தாலும் பிரதிபாவுக்கு மூன்றாம் கட்டில்தான் ஞாபகத்துக்கு வரும். அவள் பார்வை தானாக அந்தப் பக்கம் போகும். பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

*

முன்பெல்லாம் இந்தக் குழாய்க்கு இத்தனை மரியாதை கிடையாது. கழுத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாய்க்குள் ஊசி, ஊசி வழியாக ஒரு கம்பி, கம்பியின் மேல் மெல்லிய குழாய் என்று இதயத்தின் வாசல்வரை இறக்குவார்கள். மருந்து ஏற்ற, ரத்தம் எடுக்க. அவ்வளவுதான். பிறகு எவனோ ஒருவன் அந்தக் குழாயின் நுனியில் மணல் பருமனுக்கு ஓர் உணர்வியைப் பொருத்தினான். அன்றோடு பிடித்தது சனி.

செங்கோட்டுவேலுக்கு அந்தக் குழாயை இறக்கிய அன்று பிரதிபாதான் பாவாயியை உட்காரவைத்து விளக்கினாள்.

"கழுத்து வழியா ஒரு குழாய் விடுறோம்மா. நெஞ்சுகிட்ட போய் நிக்கும்."

"எத்தனை அடிங்க?"

"அடியா? ஒரு சாண்கூட வராதும்மா."

"அவ்வளவுதானுங்களா! அவிய ஆயிரத்தைந்நூறு அடி இறக்கிட்டு, தண்ணியில்லாம வெறும் புகைதான் வந்துச்சுன்னு வந்து நிப்பாங்க. ஒரு சாணுல உங்களுக்கு என்ன கெடைக்கப் போவுது?"

திருச்செங்கோட்டில் நாலு ரிக் வண்டி வைத்து, தென்னாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டிய மனிதர் செங்கோட்டுவேல். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஈரோட்டுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். அவர் பெண்டாட்டிக்கு எல்லாமே அடிக்கணக்குதான்.

"மயக்கத்துல இருக்கறவங்க நெஞ்சு, தெரிஞ்சவங்க பக்கத்துல வந்தா லேசாத் தடுமாறும்மா. ரத்தத்துலயும் ஒரு சின்ன மாற்றம் வரும். குழாயோட நுனி அதைக் கண்டுபிடிச்சு இந்தப் பெட்டிக்குச் சொல்லும். யார் கையில கட்டின பட்டை கிட்ட இருக்குன்னு பார்த்து, பெட்டி அவங்க பேரைப் போடும்."

"அப்ப, மனசுல இருக்கறது யாருன்னு பொட்டி காட்டிக் குடுத்துரும்னு சொல்லுங்க. நல்ல வேளை, என்ற மாமனாரு காலத்துல இது இல்ல. ஊரே சிரிச்சிருக்கும்."

ஊர் சிரிக்கத்தான் செய்தது. சேலத்தில் ஒரு ஜவுளிக்காரருக்கு மணி அடித்தது மனைவிக்கு அல்ல, கடையில் மூட்டை தூக்குகிற ஆளுக்கு. அந்த அம்மாள் அன்றைக்கே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் தம்பிகள் முறைவைத்துத் தலைமாட்டில் நின்று காட்டுக்கத்தலாகக் கத்தினார்கள். மணி அடிக்காத பிள்ளைகள் கொள்ளி வைக்கும்போது ஊரார் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்கள். போதாக்குறைக்குச் சட்டமும் வந்தது. எவருக்கு முதலில் மணி அடிக்கிறதோ, மூச்சு இயந்திரத்தை நிறுத்தலாமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அவருக்கே. யாருக்கும் அடிக்காவிட்டால் மருத்துவமனையே முடிவு செய்துகொள்ளும்.

சாட்சிப் பெட்டி என்று ஜனங்களாகவே பெயர் வைத்துவிட்டார்கள்.

பிரதிபாவின் அம்மா போன வருஷம் அந்த மூன்றாம் கட்டிலில்தான் கிடந்தாள். பிரதிபா வெள்ளைக் கோட்டோடு, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு தலைமாட்டில் நின்றாள். "அம்மா, நான் பிரதிபா வந்திருக்கேன்." பெட்டி பேசவில்லை. மறுநாள், அதற்கு மறுநாள், கடைசிவரைக்கும் பேசவில்லை. "உனக்கு எங்க நேரம் இருந்துச்சு? அம்மாவுக்கு உன் மூஞ்சியே மறந்துபோச்சு," என்று அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னான். அந்தச் சாதாரணம்தான் இன்னும் அவளைத் தூங்க விடாமல் துரத்திக்கொண்டிருந்தது.

*

கௌசிகா நிலத்தடி நீர்த்துறையில் அதிகாரி. ஆயிரம் அடிக்குக் கீழே யாரும் துளை போடக்கூடாது என்று தடை வந்த வருஷம், வெள்ளக்கோவில் பக்கத்தில் திருட்டுத்தனமாக ஓடிய ரிக் வண்டி ஒன்றைப் பிடித்தாள். அப்பாவின் வண்டி. ஊரே பார்க்க, தன் கையாலேயே அரக்கு முத்திரை வைத்தாள். செங்கோட்டுவேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று சாயங்காலம் அவள் கொண்டுவந்து வைத்த தண்ணீர்ச் சொம்பை மட்டும் தள்ளிவிட்டார்.

"வண்டிக்கு சீல் வச்ச கையால குடுக்கற தண்ணி என் தொண்டையில எறங்காது."

அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவே இல்லை.

இப்போது அதே தொண்டையில் துளையிட்டு மூச்சுக் குழாய் சொருகியிருந்தது. அதே கை, தினமும் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில், பிடரியைத் தாங்கித் தலையைத் தூக்கி, பஞ்சால் உதட்டை நனைத்தது. தினமும் மணி அடித்தது. கௌசிகா நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவிலேயே குடியேறினாள். மாமன், சித்தப்பா, பங்காளிகள் என்று ஒவ்வொருவராக வந்து அவளோடு பேசினார்கள். செங்கோட்டுவேலே ஏற்றுக்கொண்ட பிறகு இவர்கள் யார்?

பிரதிபா ஒருநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"கௌசிகா, உங்ககிட்ட மறைக்க விரும்பலை. மூளையில எதுவும் மிச்சம் இல்லை. எடுத்த ஸ்கேன் எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லுது. இயந்திரம் மூச்சு விடுது, அவர் விடலை."

"அப்ப மணி?"

பிரதிபா ஸ்கேன் படங்களை உறைக்குள் போட்டாள்.

"டாக்டர், ஒன்பது வருஷம் நாங்க பேசலைங்க. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம். என்னையத் தெரியுதுன்னு தெனமும் சொல்ற மனுசனை எப்படிங்க நான் நிறுத்தச் சொல்லுவேன்? மறுபடியும் சீல் வைக்கச் சொல்றீங்களா?"

செங்கோட்டுவேலின் முதுகில் புண் வந்தது. விரல் நுனிகள் கறுத்தன. மணி மட்டும் தவறாமல் அடித்துக்கொண்டிருந்தது.

*

"டாக்டர், ஒண்ணு சொல்லுதேன். ஏசக் கூடாது."

காலை நேரம். சிஸ்டர் ஜெபக்கனி உடன்குடிக்காரி. எதையும் பீடிகை போட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

"சொல்லுங்க சிஸ்டர்."

"ஏழாம் கட்டில்காரருக்கு என்னையும் தெரியும் போல."

"என்ன?"

"தலகாணி மாத்தத் தலையத் தூக்குனேன். மணி அடிச்சிட்டு. எம் பேரும் விழுந்துது. நான் எங்க, திருச்செங்கோடு எங்க? எந்த வழியில சொந்தம்னு எனக்கே புரியல."

"இன்னிக்கா?"

"தெனமும்லா அடிக்கு. நம்ம கையிலயும் பட்டை இருக்குல்லா, ஊழியர் பேருன்னா பெட்டியே அழிச்சிரும், அதான் யார்ட்டயும் சொல்லல. சொன்னா மேனேஜர் என்னை உக்கார வச்சு, அவர் ரிக் வண்டியில நீ வேல பாத்தியான்னு கேப்பாரு."

பிரதிபா சிரிக்கவில்லை. எழுந்து ஏழாம் கட்டிலுக்குப் போனாள். பின்னாலேயே ஜெபக்கனி.

செங்கோட்டுவேலின் பிடரிக்குக் கீழே கையை நுழைத்தாள். குட்டைக் கழுத்து, கனத்த தலை. மெதுவாகத் தூக்கினாள். அவர் மோவாய் நெஞ்சை நோக்கி இறங்கியது.

மணி அடித்தது.

அடையாளம் கண்டுகொண்டார்: பிரதிபா.

அம்மாவின் தலைமாட்டில் நின்று எந்த ஒரு வரிக்காக ஏங்கினாளோ, அந்த வரி. அதே பச்சை எழுத்து. முன்பின் தெரியாத ஒரு மனிதரின் நெஞ்சிலிருந்து. திரையில் எழுத்துகள் மாறின.

ஊழியர். நீக்கப்பட்டது.

"பாத்தியளா?" என்றாள் ஜெபக்கனி, குரலைத் தாழ்த்தி. "உங்களுக்கும் சொந்தம்."

பிரதிபா பெட்டியை விட்டுவிட்டு இதய அலை ஓடும் திரையைப் பார்த்தாள். தலையை மறுபடியும் தூக்கினாள். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அலைகளுக்கு நடுவே முரட்டுத்தனமாக ஓர் எகிறல். தலையைப் படுக்கவைத்ததும் அடங்கியது. தூக்கினால் எகிறல்.

பாசத்தில் தடுமாறும் இதயம் இப்படி எகிறாது. உள்ளே யாரோ விரலால் இடித்தால்தான் எகிறும்.

"எக்ஸ்ரே மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்க."

"எக்ஸ்ரேயா? குழாய் போட்டதுக்கு எக்ஸ்ரே எடுத்து எத்தனை காலம் ஆச்சு! நுனி எங்க நிக்குன்னு பெட்டிதான் சொல்லுதே."

"அதனாலதான்."

இரண்டு படம் எடுத்தார்கள். தலை நேராக இருக்கும்போது ஒன்று. மோவாய் நெஞ்சில் படும்போது இன்னொன்று. முதல் படத்தில் குழாயின் நுனி இதயத்தின் வாசலில் சமர்த்தாக நின்றது. இரண்டாவதில் வாசலைத் தாண்டி உள்ளே போய், சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. கழுத்து மடங்கினால் குழாய் கீழே இறங்கும். படிக்கும் காலத்தில் மனப்பாடமாகத் தெரிந்த விஷயம். பெட்டி வந்த பிறகு யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இடி வாங்கிய இதயம் எகிறுகிறது. பெட்டிக்கு எகிறல் என்றால் பாசம். பக்கத்தில் இருப்பவர் பெயரைப் போட்டுவிடுகிறது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒலி அலைக் கருவியை நெஞ்சில் வைத்துப் பார்த்தபோது, இதயத்தைச் சுற்றிய உறைக்குள் மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. திரவம். குழாயின் நுனி ஒரே இடத்தில் உரசி உரசிச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. ஓட்டை விழுந்தால் உறைக்குள் ரத்தம் நிரம்பி இதயத்தை நெரித்துவிடும். தாமதிக்க முடியாது. இன்றைக்கே குழாயைப் பின்னுக்கு இழுத்தாக வேண்டும்.

இழுத்தால், சாயங்காலம் மணி அடிக்காது.

ஜெபக்கனி அந்த இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"டாக்டர்... எல்லாப் பெட்டியும் இப்படித்தானா?"

பிரதிபாவின் கண்ணுக்குள் சேலத்துக்காரரின் மனைவி பெட்டிப் படுக்கையோடு நடந்து போனாள். மூட்டை தூக்குகிற ஆளுக்குத் தலையைத் தூக்கிப் படுக்கவைக்கத் தெரிந்திருக்கும். அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள். தன்னைப்போல.

அம்மாவின் தலையை ஒரு தடவைகூடத் தூக்கவில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

*

பாவாயி வராந்தாவில் தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்து, சோறு கொண்டுவந்த தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கௌசிகா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

பிரதிபா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். குழாய், கழுத்து, இடி, மணி. கிழவி கத்துவாள், இல்லை அழுவாள் என்று எதிர்பார்த்தாள்.

பாவாயி தூக்குப்போசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அதானுங்களே. தலையத் தூக்குனா அடிக்கும்."

"உங்களுக்கு..."

"வந்த அடுத்த நாளே தெரியுங்க. கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு பாத்துட்டே இருந்தேன். அந்தச் சிஸ்டரம்மா தலைய தூக்கித் தலகாணி வச்சாங்க. மணி அடிச்சுது. அந்தம்மா பேரு விழுந்து, ஒடனே அழிஞ்சுது. இது என்ன கூத்துன்னு, மறுக்காவும் அவிய தூக்கறப்பப் பாத்தேன். மறுக்காவும் அடிச்சுது."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?"

"சொன்னா சரி பண்ணிப் போடுவீங்க."

பாவாயி போசியின் மூடியைக் கழுவ எடுத்தாள்.

"போனைப் போட்டு அவளைக் கூப்பிட்டேன். தலையைத் தாங்கிப் புடிச்சு, வாய நனைச்சு வுடு கண்ணு, அவியளுக்கு நாக்கு வறண்டு கெடக்குதுன்னு சொன்னேன். செஞ்சா. அடிச்சுது. நீங்களும் பாத்தீங்கல்ல, அவ மூஞ்சிய?" பாவாயி முந்தானையால் கையைத் துடைத்தாள். "ஒன்பது வருசமா அந்த மூஞ்சியில வெளிச்சமே இல்லீங்க. அவியளும் உள்ளுக்குள்ள தவிச்சுட்டுத்தான் இருந்தாங்க. சாமத்துல எந்திரிச்சு அவ படிச்ச ரூமுல போயி நிப்பாங்க. வாயத் தொறந்து சொல்ற கொணம் அந்தக் கூட்டத்துலயே கெடையாது. சரி, இந்தப் பொட்டியாச்சும் அவியளுக்குப் பதிலாச் சொல்லட்டும்னு வுட்டுட்டேன்."

"நீங்க ஒரு தடவைகூடத் தூக்கலையே? முதல்ல அடிக்கறவங்களுக்குத்தான் உரிமை, அது கௌசிகாவுக்கே போகட்டும்னா?"

"உரிமை கெடக்குதுங்க. எனக்கும் கை பரபரக்காம இல்ல. நாப்பது வருசம் ஒரே ஊட்டுல குப்பை கொட்டியிருக்கேன், எம் பேரும் ஒருக்கா விழட்டுமேன்னு ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா தூக்குனா அடிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டே தூக்கி, அது எனக்கு என்னத்துக்குங்க?" சட்டென்று குரல் உடைந்தது. "ஆனா இப்படியாகும்னு நெனைக்கலீங்க. மன்னிப்பு வாங்கிக் குடுக்கலாம்னு பாத்தேன். இப்ப அவ அவியள வுடமாட்டேங்கறா. முதுகு அழுகுது, வெரலு கறுக்குது, பாக்க முடியல. நான்தான் இப்படிக் கட்டிப் போட்டுட்டேன்."

"குழாயை இப்ப இழுக்கப் போறேன்மா. இல்லைன்னா நெஞ்சுல ஓட்டை விழுந்துரும். சாயங்காலம் மணி அடிக்காது."

பாவாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமான, சொரசொரப்பான கை.

"அவகிட்ட சொல்லிப் போடாதீங்க டாக்டரு. பொய்னு தெரிஞ்சா அவ மறுபடியும் பழைய எடத்துக்கே போயிருவா. இந்தத் தடவ திரும்பி வரமாட்டா."

"கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்மா. உண்மையைத்தான் சொல்வேன்."

"கேக்காட்டி?"

பிரதிபா எழுந்துகொண்டாள்.

*

கழுத்துத் தையலை வெட்டி, குழாயை இரண்டு விரற்கடை பின்னுக்கு இழுத்து, மறுபடி தைத்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். அலைகள் ஒழுங்காக ஓடின. பெட்டி ஊமையாக இருந்தது.

சாயங்காலம் கௌசிகா வந்தாள். கைகளைக் கழுவினாள். பட்டையைக் கட்டிக்கொண்டாள். பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

"அப்பா, நான்தான். சித்தே வாயத் தொறங்க."

உதட்டில் பஞ்சு பட்டது.

மூச்சு இயந்திரம் இரைத்தது. அவ்வளவுதான்.

கௌசிகா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். மறுபடியும் நனைத்தாள். "அப்பா?" இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க. கால்மாட்டில் பாவாயி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் மைத்துனர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

கௌசிகா அப்பாவின் தலையை மெதுவாகத் தலையணையில் வைத்தாள். பிரதிபாவிடம் வந்தாள். கேட்கப் போகிறாள். மணி ஏன் அடிக்கவில்லை என்று இதோ கேட்கப் போகிறாள். சொல்ல வேண்டிய வாக்கியங்கள் எல்லாம் பிரதிபாவின் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன.

"டாக்டர்... போறப்ப அவருக்கு வலிச்சிருக்குமா?"

"என்ன?"

"நேத்து சாயங்காலம் இருந்தாருங்க. இன்னிக்கு இல்லை. இடையில எப்பவோ போயிட்டாரு. வலிச்சிருக்குமான்னு கேட்டேன்."

பிரதிபா அவள் கண்களைப் பார்த்தாள்.

"இல்லை கௌசிகா. வலியே இல்லை. இது சத்தியம்."

கௌசிகா தலையை ஆட்டினாள். சம்மதம் பதியும் கண்ணாடிப் பலகையை ஜெபக்கனி நீட்டினாள். கட்டை விரலை வைப்பதற்கு முன்னால் கௌசிகா அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் இந்தக் கையேதானா?" என்று யாரிடமும் இல்லாமல் கேட்டுவிட்டு, அழுத்தினாள். நிறுத்துவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. ஊரில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

பிரதிபா மூச்சு இயந்திரத்தை நிறுத்தினாள். அந்த இரைச்சல் போனதும் அறை சட்டென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. செங்கோட்டுவேலின் தலை தலையணையில் நேராக இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பாவாயி வழக்கம்போலக் கால்மாட்டில், இரண்டு பாதங்களையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். அலைகள் ஒன்றையொன்று விட்டு விலகி, மெலிந்து, தாழ்ந்துகொண்டே போயின.

மணி அடித்தது.

பச்சை விளக்கு. ஊர்ந்து வரும் எழுத்துகள்.

அடையாளம் கண்டுகொண்டார்: பாவாயி. மனைவி.

பிரதிபா சட்டென்று திரும்பினாள். திரையைப் பார்த்தாள். முரட்டு எகிறல் எதுவும் இல்லை. லேசான ஒரு தடுமாற்றம், அவ்வளவுதான். அணையப்போகும் இதயம் தன் போக்கில் தடுமாறும். பெட்டிக்கு அதுவும் பாசமாகத்தான் தெரியும். ஆனால் பெட்டியைக் கண்டுபிடித்தவர்கள் ஆரம்பத்தில் வரைந்து காட்டிய தடுமாற்றமும் இப்படியேதான் இருந்தது. அதற்குள் அலை கோடாகிவிட்டது.

"ஏனுங்க டாக்டரு." பாவாயியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "இப்ப யாரும் தூக்கலியே?"

"இல்லைம்மா."

"பொறவு ஏனுங்க அடிச்சுது?"

கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தவள் அவள். உண்மையைத் தேடினாள். அது ஒரே ஒரு வார்த்தையாக இருந்தது.

"தெரியலைம்மா."

பாவாயி புருஷனின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவருடைய உள்ளங்காலில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்!" என்றாள். கண்ணீர் பாதங்களின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

*

பாவாயியை ஜெபக்கனி கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போன பிறகு, பிரதிபா கழுத்திலிருந்து குழாயை உருவினாள். ஒரு சாண்கூட இல்லாத, மெலிந்த, பழுப்பு நிறக் குழாய். நுனி எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. துளையின் மேல் பஞ்சை வைத்து விரல்களால் அழுத்திப் பிடித்தாள். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அப்படிப் பிடிக்க வேண்டும், ரத்தம் கசியாமல், காற்று உள்ளே போகாமல். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் தோல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அறையின் அந்தக் கோடியில் மணி அடித்தது.

மூன்றாம் கட்டில். காலையில்தான் யாரையோ சேர்த்திருந்தார்கள்.

"அம்மாவுக்கு என்னையத் தெரிஞ்சிருச்சு!" ஒரு பெண் சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினாள். "அண்ணா, இங்க வா, பாரு, அம்மாவுக்கு என்னையத் தெரியுது!"

ஜெபக்கனி திரும்பி வந்து வாசலில் நின்றாள். மூன்றாம் கட்டிலைப் பார்த்தாள். பிரதிபாவைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையோட கை தலைக்கு அடியிலதான் இருக்கு டாக்டர்."

"ம்."

"போய்ச் சொல்லணும்லா?"

"போகணும்," என்றாள் பிரதிபா.

கை மட்டும் செங்கோட்டுவேலின் கழுத்தை விட்டு வரவில்லை.